ஏறிய அரை நிமிடத்தில் எஞ்சின் கைவிட்டபோது

விழுந்தோம் என்று சொன்னால் என் பயிற்சியாளருக்குப் பிடிக்காது, இறக்கினோம் என்று சொல் என்பார். ஆனால் மூக்குச் சக்கரம் முறிந்து, புரொப்பெல்லர் மண்ணில் புதைந்து, வால் மேலே தூக்கி நின்றதை இறக்கியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டே பேர் உட்காரும் பயிற்சி விமானம். நான் அதுவரை பறந்தது 30 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காலையில் ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் ஒரு நிமிடம் போல உதறியது, அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம், குறை இல்லை. சரி என்று கிளம்பினோம்.

400 அடி இருக்கும். டப்பென்று ஒரு சத்தம், உடனே கருவிகளின் முள் எதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆட்டம். எஞ்சின் முழுசாக நிற்கவில்லை, அதுதான் வம்பே. பாதி உயிரோடு இழுத்துக்கொண்டிருந்ததால் எப்படியாவது சுற்றி வந்து ஓடுபாதையில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. திரும்பாதே, எதிரே இருப்பதில் இறக்கு என்று தரையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், இருந்தும் கை தானாக இடப்பக்கம் திருப்பிவிட்டது, கூடவே மூக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன், அது எனக்கே தெரியாது. வேகம் 70 நாட் (knot) என்பதிலிருந்து 55-க்கு வந்து, இறக்கை தூக்கலை இழக்கப் போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டால் ஊதல் கிளம்பிவிட்டது. "விடு, நான் பார்த்துக்கறேன்" என்று சார் வாங்கி மூக்கைக் கீழே அமுக்கினார், கண்ணாடி முழுக்கத் தரை.

உழுத நிலம். எரிபொருளை அடைத்தபடியே அவர் சொன்னது "கதவைத் திற" மட்டும்தான். மோதியதில் கூடு நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும்.

எல்லாம் நின்ற பிறகு ஙொய்யென்று ஒரு சத்தம். தீப்பிடிக்கப் போகிறது என்று பயந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் ஜைரோ, சாய்வைக் காட்டும் கருவிக்குள் சுற்றும் சக்கரம்! எஞ்சின் நின்றாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், பறக்கும்போது ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.

*

நான் எஞ்சின் பிரிக்கிற ஆள். காலையில் உதறியது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, கதையே அங்கேதான் இருக்கிறது. எங்கள் தொழிலில் இதற்கு மார்னிங் சிக்னஸ் என்றே பெயர், மசக்கை! எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு ஓடும் குழாயில், அதாவது கைடில், கரி படிந்து இறுகியிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் வால்வு ஒட்டிக்கொள்ளும், சூடேறியதும் விட்டுவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிறகு ஒருநாள் முழு பவரில் ஒட்டி, வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடை வளைத்துவிடும். பிரித்தவர்கள் என்ன சொன்னார்கள்?

*

நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச்சில் சான்டா மோனிகாவில் விழுந்ததும் கிளம்பிய கையோடுதான். இரண்டாம் உலகப்போர் காலத்து ரயான் விமானம். ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்து, எட்டாது என்று தெரிந்ததும் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் மரை கழன்று பெட்ரோல் அளவுக்கு மீறிப் போயிருந்ததாம், விசாரணையில் வந்தது. அதை எந்தப் பைலட் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பார்?

*

பிரிக்கிறவருக்கு: நீங்கள் சொன்னதேதான். வளைந்த புஷ்ராடை என் கையிலேயே கொடுத்தார்கள், மேஜையில் உருட்டினால் தத்தித் தத்தி ஓடும். அப்புறம் விமானத்தின் பதிவேட்டைப் புரட்டினோம். அதே மாதத்தில் 'ஸ்டார்ட்டில் உதறல், பின் சரி' என்று இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று என் கையெழுத்து.