ரீடு: நாணலா, சீவாளியா, நாக்கா?

ஐயா, வணக்கம்.

உங்கள் மகுடிக் கட்டுரை வாசித்தேன். காற்றுப்பட்டு அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகட்டை ஆங்கிலத்தில் 'ரீடு' (reed) என்பார்கள். அதை 'நாணல்' என்று தமிழாக்கியிருக்கிறீர்கள். 'இரட்டை நாணல் கருவி' என்ற இடத்தில் இடறிவிட்டது. மகுடிக்குக் குழல்தான் இரண்டு. ஒவ்வொரு குழலிலும் இருப்பது ஒற்றை ரீடு. சொல் சரியில்லாததால் தகவலே மாறிப்போகிறது. தவிர, நாணல் என்பது செடி. சுருதிப் பெட்டிக்குள் அதிர்கிற பித்தளைத் தகடும் ரீடுதானே, அதை எப்படி நாணல் என்பது?

நாயனத்தில் (நாதஸ்வரத்தில்) செருகி ஊதுகிற ரீடுக்குப் பெயர் 'சீவாளி'. எல்லா ரீடுக்கும் அதையே பொதுவாக வைத்துக்கொள்ளலாமே என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. மதுரைப் பக்கம் கரகாட்டம் நடக்கும்போது நையாண்டி மேளத்து நாயனக்காரரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஊதுவதற்கு முன் சீவாளியை வாயில் போட்டு ஊறவைப்பார். கொருக்கை என்கிற நாணல் வகையின் தட்டையைப் பதப்படுத்தி, முனையைத் தட்டையாக்கி, அடியில் நூல் சுற்றிக் கட்டியது அது. முனையில் இரண்டு இதழ், நடுவே மயிரிழைச் சந்து. சந்து மூடிக்கொண்டால் நாயனத்தில் தொங்கும் ஊசியை உள்ளே விட்டு மெல்ல நெம்புவார். சீவாளி என்றாலே இரண்டு இதழ்தான். அவரிடம் 'இரட்டைச் சீவாளி' என்றால், மாற்றுச் சீவாளியையும் சேர்த்துக் கேட்கிறோம் என்று எடுத்து நீட்டுவார்.

மகுடி வேறு கதை. காய்ந்த சுரைக்குடுவையில் இரண்டு குழல்களைச் செருகி மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். ஒன்றில் விரல் வைக்கத் துளைகள், மற்றது சுருதிக்கு. குடுவைக்குள் மறைந்திருக்கும் முனையில் நாணல் தட்டையால் ஆன சின்னக் குழாய். அதன் சுவரிலேயே மூன்று பக்கம் கீறி, ஒரு பக்கத்தை விட்டுவைத்தால் மெல்லிய நாக்கு கிளம்பும். ஊதுகிறவர் உதடு அதில் படுவதே இல்லை. ஆகவே ரீடுக்கு 'உதட்டுத் தகடு' என்று பெயர் வைக்கிற யோசனையும் நிற்காது.

என் முன்மொழிவு: பொதுப்பெயர் 'அதிர்நாக்கு'. மணிக்கும் நாக்கு உண்டு, ஆனால் அது அடிக்கிற நாக்கு. 'அதிர்' சேர்ந்தால் குழப்பமில்லை. 'அதிர்நா' சுருக்கம்தான், பேச்சில் வராது. இரண்டு இதழ் உள்ளதற்கு இருக்கிற 'சீவாளி'யே போதும். சின்ன வயதில் பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி 'பீப்பீ' ஊதினோமே, அந்த நசுங்கிய முனைகூட சீவாளி வேலைதான் செய்கிறது. ஹார்மோனியம் பழுதுபார்ப்பவர் 'ரீடு' என்றே சொல்லட்டும். அவரிடம் போய் நான் அதிர்நாக்கு கேட்கப்போவதில்லை.

அப்படியே 'இணைப்புக் குழாய்' என்று போட்டிருப்பதையும் எடுத்துவிடுங்கள். நாயனத்தில் சீவாளியைச் செருகுகிற உலோகக் குழலுக்குக் 'கெண்டை' என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. அதற்குக் கீழே உலவு என்கிற மரக்குழல், அடியில் அணசு என்கிற விரிந்த வாய். இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டு எதற்குப் புதுச்சொல்?

ஒற்றை நாக்கில் மட்டும் இன்னும் ஒரு பிரிவு தேவைப்படுகிறது. மகுடியில் குழாயிலிருந்தே கீறி எடுத்த நாக்கு. கிளாரினெட்டில் தனியே சீவி, ஊதுமுனையில் வைத்து இறுக்குகிற நாக்கு. முன்னதற்கு 'வெட்டுநாக்கு', பின்னதற்குக் 'கட்டுநாக்கு' என்று வைத்துப் பார்த்தேன். 'வெட்டுநாக்கு' கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கேட்கிறது. 'கீற்றுநாக்கு' என்றால் தென்னங்கீற்று ஞாபகம் வருகிறது. உங்களுக்கு எது படுகிறது?