"ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்ற பதிலைத் தாண்டிப் போவது எப்படி?

வணக்கம். பொது சுகாதார முதுகலை ஆய்வுக்காகத் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் வீடு வீடாகப் போகிறேன். மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை (2023 செப்டம்பரில் தொடங்கியது) வாங்கும் பெண்கள் அதைத் தங்கள் சொந்த வைத்தியத்துக்குச் செலவழிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன்.

ஆறு வாரத்தில் 64 வீடு முடிந்தது. தேசிய குடும்பநல ஆய்வில் கேட்பதுபோல "உங்கள் வைத்தியம் பற்றி யார் முடிவெடுப்பது?" என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாரும் "ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்கிறார்கள். ஒரு அக்காவும் அதையே சொன்னார். நான் பதில்களைப் பதியும் டேப்லெட்டை மூடியதும் வாசல்வரை வந்து, எட்டு மாத வயிற்றுவலிக்கு இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை என்றார், தாழ்ந்த குரலில். பஸ் காசு, ஒருநாள் கூலி, வீட்டில் கேட்கத் தயக்கம். படிவத்தில் 'சேர்ந்து' என்றுதான் பதிவாகியிருக்கிறது. அது மனதை அறுக்கிறது.

காலை 11 மணிக்குப் போனேன். கணவர் இல்லை, மாமியார் இருந்தார். குழுக் கூட்டத்தில் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்கிறார். அங்கன்வாடிக்கு வரச் சொன்னேன், நூறு நாள் வேலையை விட்டு யார் வருவார்கள்? அப்புறம் கேள்வியையே மாற்றினேன்: "கடைசியாக உடம்பு முடியாதபோது எத்தனை நாள் கழித்துப் போனீர்கள், காசு யார் கொடுத்தது?" கொஞ்சம் தேவலை. ஆனால் மாமியார் உட்கார்ந்திருந்தால் அதுவும் நின்றுவிடுகிறது.

இப்படிப்பட்ட வீடுகளில் கள ஆய்வு செய்தவர்களே, தனியாகப் பேச ஐந்து நிமிடம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?