அப்பாவின் புரோஸ்டேட் வீக்கம்: சரியான யூராலஜிஸ்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கருங்கல் மகன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 68 வயது. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். இரவில் நான்கைந்து முறை எழுந்து போவதை வயதின் இயல்பு என்றே எண்ணியிருந்தோம். சென்ற வாரம் சிறுநீர் அடியோடு நின்று, அடிவயிறு கல்போல் இறுகி அவர் துடித்தபோது, நள்ளிரவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீங்கிச் சிறுநீர் வழியை அடைத்திருக்கிறது என்றார்கள். குழாய் போட்டதும் வலி தணிந்தது. ஆனால் மறுநாள் காலையிலேயே, இரண்டு நாள்களுக்குள் லேசர் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று கூறி முன்பணம் கேட்டார்கள். ஏன் இந்த அவசரம் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். குழாயிலிருந்து சிறுநீர் சேரும் பையை ஒரு மஞ்சள் பைக்குள் மறைத்து மடியில் வைத்துக்கொண்டுதான் அப்பா திண்ணையில் உட்காருகிறார். நாகர்கோவிலா, திருவனந்தபுரமா, யாரை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறோம்.

தக்கலை செவிலியர் (ஓய்வு):
தம்பி, முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போகிறவர்களைப் பார்ப்பவர் நெப்ராலஜிஸ்ட். புரோஸ்டேட், கல், சிறுநீர்ப்பாதை அடைப்பு ஆகியவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்பவர் யூராலஜிஸ்ட். பெயர்ப்பலகையில் ‘சிறுநீரக நிபுணர்’ என்று மட்டும் இருந்தால், எம்.எஸ். முடித்தபின் யூராலஜியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் பெற்றவரா என்று பாருங்கள். மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டிலும் சரிபார்க்கலாம்.

அடுத்து, உங்கள் அப்பாவைப் போல முதன்முறை அடைப்பு ஏற்பட்டவர்களுக்கு, சிறுநீர் வழியின் இறுக்கத்தைத் தளர்த்தும் டாம்சுலோசின் போன்ற மாத்திரையைச் சில நாள்கள் கொடுத்து, குழாயை எடுத்துவிட்டுத் தானாகச் சிறுநீர் பிரிகிறதா என்று பார்ப்பது வழக்கமான நடைமுறை. பலருக்குப் பிரிந்துவிடும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தாலோ, திரும்பத் திரும்ப அடைத்தாலோ, சிறுநீர்ப்பையில் கல் இருந்தாலோ அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆகவே இவற்றில் எது உங்கள் அப்பாவுக்குப் பொருந்துகிறது என்று ஸ்கேனையும், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் இரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் அளவையும் காட்டி விளக்கும் மருத்துவரையே நான் தேர்ந்தெடுப்பேன். அடைப்பும் குழாயும் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்தை அறிய எடுக்கும் இரத்தப் பரிசோதனை) அளவை உயர்த்திக் காட்டும் என்பதால், இப்போது எடுத்த பரிசோதனையில் அது கூடுதலாக இருந்தால் கலங்க வேண்டாம்; சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுக்கச் சொல்வார்கள்.

குளச்சல்காரர்:
என் மாமாவுக்கு இதே புரோஸ்டேட் அறுவை சிகிச்சையை மாவட்டத்துக்கு வெளியே செய்தோம். வீட்டுக்கு வந்த 10ஆம் நாள் இரவு சிறுநீரில் இரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொண்டது. அத்தனை தூரம் காரில் அவர் முனகிக்கொண்டே வந்ததை நான் மறக்கவில்லை. அதனால், இரவில் சிக்கல் வந்தால் யார் பார்ப்பார்கள், அது வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை முன்பே கேளுங்கள். புரோஸ்டேட் சுரப்பி மிகப் பெரிதாக இருந்து, அதற்கேற்ற அறுவை முறையில் தேர்ந்தவர் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறார் என்றால் போகத்தான் வேண்டும். ஆனால் இரண்டாவது கருத்துக்கு நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூராலஜி மருத்துவர் பார்க்கும் நாளை விசாரித்துக்கொண்டு போகலாம். தனியாரிடம் போவதானால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள்.

கருங்கல் மகன்:
மிக்க நன்றி. நாளையே ஆசாரிப்பள்ளத்தில் விசாரிக்கிறேன். அப்பா ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். அதைச் சொல்ல வேண்டுமா?

தக்கலை செவிலியர் (ஓய்வு):
கட்டாயம் சொல்லுங்கள், டாம்சுலோசினும் சேரும்போது எழுந்து நின்றவுடன் தலைசுற்றக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலும், கண்புரை அறுவை சிகிச்சைக்குத் திட்டமிருந்தாலும் சொல்ல வேண்டும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, பையில் சிறுநீர் இறங்காமல் வயிறு உப்பினாலோ மருத்துவர் பார்க்கும் நாளுக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இன்னொன்று: அந்த மஞ்சள் பையை மடியிலிருந்து இன்றே இறக்கிவிடுங்கள். அது எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும்; மேலே இருந்தால் சிறுநீர் திரும்ப உள்ளே போய்க் கிருமித்தொற்று உண்டாகும்.