படியில் படுப்பவரின் மூட்டையை லொறியில் ஏற்றிவிட்டால் எங்கே போய்க் கேட்பது?

கொழும்பு செட்டியார் தெருவில் கடை வைத்திருக்கிறேன். இரவில் என் கடைப் படியில் ஒரு அம்மா படுப்பார். விடிய அவர் முகம் கழுவப் போன நேரம், உரப்பையைக் குப்பை என்று லொறியில் ஏற்றிவிட்டார்கள். சாரி, அலுமினியச் சட்டி எல்லாம் போனால் போகட்டும். பொலித்தீனில் சுற்றி நூல் கட்டி வைத்திருந்த அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் அதற்குள்தான். இனி என்ன செய்யலாம்?

பதில் 1
முதலில் பொலிசில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கள். தொலைந்த அட்டைக்கு அது வேண்டும். அப்புறம் கிராம அலுவலரின் அத்தாட்சி. படியில் படுப்பவருக்கு எந்தக் கிராம அலுவலர் என்பதுதான் தலையிடி! முன்பு எந்த முகவரியில் வாக்குப் பதிந்திருந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் 2
லொஸ் ஏஞ்சல்ஸில் இதே பிரச்சினை வழக்காகப் போனது. ஆள் பக்கத்தில் இல்லை என்பதற்காக மூட்டையை எடுத்து உடனே அழிக்க முடியாது என்று 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த நகர விதியில், எடுத்த சாமானை 90 நாள் வைத்திருக்க வேண்டும். இங்கே இலங்கையில் தெருவில் அலையும் ஆளைப் பிடிக்க 1841இலேயே சட்டம் எழுதிவிட்டார்கள், மூட்டையை யார் நினைத்தார்கள்?

கேட்டவர்
நன்றி. இன்று முறைப்பாடு போட்டாயிற்று. எழுதினவர் அட்டையை மட்டும் குறித்தார். சட்டியையும் எழுதச் சொல்லி அம்மா கதிரையை விட்டு எழும்பவே இல்லை. எழுதினார்கள்.