தொற்றுநீக்கியின் ‘கொன்டாக்ட் டைம்’: ‘ஈரநேரம்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கிருமியைக் கொல்ல, தொற்றுநீக்கி ஒரு பரப்பில் காயாமல் இருக்க வேண்டிய நேரத்தை ஆங்கிலத்தில் ‘கொன்டாக்ட் டைம்’ (contact time) என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இங்கே இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: தொடர்பு நேரம், தொடுகை நேரம், ஊறுநேரம். நான் நான்காவதாக ஒன்றைக் கொண்டுவருகிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன், இந்தச் சொல் இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

திருகோணமலையில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்தவள் நான். கடைசிச் சில வருடங்கள் தொற்றுக் கட்டுப்பாட்டு வேலை. ஓர் ஆஸ்பத்திரி வாட்டில், துப்புரவு செய்யும் அக்கா ஒருவர் கட்டில் கம்பியில் குளோரின் கரைசலைத் தெளித்து, அதே கையால் துணியை எடுத்து உடனே துடைத்துக்கொண்டு போனார். நிலத்துக்கும் அப்படித்தான். நான் நிறுத்திக் கேட்டேன். “உடன துடைக்காட்டி ஆக்கள் வழுக்கி விழுந்திடுவாங்கள் மிஸ்” என்றார். நியாயமான பதில். அவருக்குப் பக்கத்துச் சுவரில் தமிழில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: “தொடர்பு நேரம் 10 நிமிடங்கள்.” அது என்னவென்று கேட்டேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கான நேரம் என்று நினைத்திருந்தார். அந்த வாட்டில் வேறு இரண்டு பேரும் அப்படித்தான் விளங்கியிருந்தார்கள். அவர்களில் பிழை இல்லை. அந்தச் சொல் அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை.

தொற்றுநீக்கி பட்ட கணத்தில் கிருமி செத்துவிடும் என்பதுதான் நான் அதிகம் கண்ட தவறான எண்ணம். படித்தவர்களிடமும் இருக்கிறது. மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும், அந்த நேரம் முழுவதும் பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது மருந்தையும், எந்தக் கிருமி என்பதையும், பரப்பில் எவ்வளவு அழுக்கு என்பதையும் பொறுத்தது. கொரோனா காலத்தில், 2020இல், உலக சுகாதார நிறுவனம் மேசை, கட்டில் போன்றவற்றுக்கு 0.1 வீத (சதவீத) குளோரின் கரைசலும் குறைந்தது 1 நிமிடமும் என்றது. இரத்தம் பெரிதாகச் சிந்தினால் 0.5 வீதம். வேறு மருந்துகளுக்கு 5, 10 நிமிடம் என்று லேபலில் இருக்கும். அதற்குள் காய்ந்துவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

எங்கள் ஊரில் இது இன்னும் முக்கியம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கொடியில் போட்ட சேலை எவ்வளவு கெதியாகக் காயும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சன்னல் திறந்த வாட்டில், மேலே மின்விசிறி சுற்ற, 10 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டிய மேசை இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். வெறும் ‘10 நிமிடம்’ என்று எழுதினால், ஒருமுறை தெளித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காய்ந்தால் திரும்பப் பூச வேண்டும் என்ற செய்தி சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

ஸ்பிரிட்டிலும், அதாவது கிருமி நீக்கப் பூசும் அல்ககோலிலும், இதே கதை. 70 வீதத்தை விட 99 வீதம் பலமானது என்று நினைத்து அதை வாங்குகிறார்கள். கிருமியின் புரதத்தைக் குலைக்க அல்ககோலுக்குத் தண்ணீரும் வேண்டும். தண்ணீர் இல்லாத ஸ்பிரிட் ஆவியாகவும் முந்திவிடும்.

அப்புறம் மணம். குளோரின் மணம் மூக்கைப் பிடித்தால் வாட்டு சுத்தம் என்ற நம்பிக்கை பழையது. 1847இல் வியன்னா ஆஸ்பத்திரி ஒன்றில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் மற்ற மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தபோது, பிண அறையின் மணத்தை அது போக்குகிறது என்பதால்தான் அதைத் தேர்ந்தார். கிருமிக் கொள்கை நிலைபெறாத காலம் அது. மணத்தை வைத்து அளந்தார், பலன் கிடைத்தது. (அதே 1847இல்தான் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்து, அதற்காகவே சொற்களை ஆக்கியவர். மருத்துவத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் வேலை எங்களுக்குப் புதிதில்லை.) இன்று மணத்துக்காகக் கரைசலைக் கடுமையாக்குகிறவர்கள் நிறையப் பேர். 5 வீத பிளீச் (கடையில் விற்கும் குளோரின் கரைசல்) என்றால் 100 மில்லிலீற்றரை 4.9 லீற்றர் தண்ணீரில் கலக்க 0.1 வீதம் வரும், அது போதும். கூட்டினால் கண்ணும் நெஞ்சும் எரியும், கட்டில் கம்பி துருப்பிடிக்கும். கழிப்பறை அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு வரும். அழுக்கின் மேல் ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

‘தொடர்பு நேரம்’ வேண்டாம். ‘தொடுகை நேரம்’ எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞானத் தமிழுக்குப் பொருந்தும், பாடநூலில் இருக்கட்டும். ஆனால் காய்ந்துபோன மருந்தும் மேசையைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது?

‘ஊறுநேரம்’ என்று கோவையிலிருந்து எழுதிய தோழியின் சொல்லை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். அழகான சொல். உழுந்து ஊறவிடும் எல்லாருக்கும் விளங்கும். ஐம்புலன்களை எண்ணும்போது வள்ளுவர் தொடு உணர்வை ‘ஊறு’ என்றே சொல்கிறார். ஆகத் தொடுகையும் ஊறலும் ஒரே சொல்லில் வருகின்றன. ஆனால் ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள், ‘ஊறு விளைவிக்கும்’ என்று இன்றும் எழுதுகிறோம். மருந்துப் போத்தலில் அந்தச் சொல் வேண்டாம். இன்னொன்று, ஊறுவது என்றால் முங்கிக் கிடப்பது. கத்தரிக்கோலைக் கரைசலில் போட்டு வைப்பதற்குச் சரி. கதவுப் பிடி ஊறாது.

என் சொல் ஈரநேரம். பரப்பில் தொற்றுநீக்கி காயாமல் இருக்க வேண்டிய மிகக் குறைந்த நேரம் என்பது வரையறை. விளக்கம் எதுவும் சொல்லாமல் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். மூதூரிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தங்கச்சி, “ஈரம் காயாம வச்சிரிக்கிற நேரமா மிஸ்?” என்று திருப்பிக் கேட்டாள். எனக்கு அது போதும்.

ஒரு மறுப்பு வரலாம்: நிலம் கழுவியபின் ஈரமாகக் கிடக்கும் நேரம் என்று எடுத்துக்கொள்வார்களே என்று. உண்மைதான். அதற்கு ‘காய்நேரம்’ என்று தனிச்சொல் வைத்துவிடலாம். வழுக்கும் என்ற பயமும் அதோடு தீரும், அந்த நேரத்துக்கு மஞ்சள் பலகையை வைத்துப் பாதையை மறிக்கலாம்.

சுவரில் ஒட்ட நான் எழுதியிருப்பது இது: “முதலில் கழுவுக. பிறகு தொற்றுநீக்கி பூசுக. ஈரநேரம் 10 நிமிடம். அதற்குள் காய்ந்தால் மறுபடி பூசுக.” கருவிகளை முக்கி வைக்கும் இடத்திலும் இதே சொல்லை வைப்பதா, அங்கே மட்டும் தோழியின் ஊறுநேரத்தை எடுப்பதா என்று சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் எழுதுங்கள்.