ஆறரை மணி நேரம்தானே என்று அப்பாவோடு லண்டன் போன கதை

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று டிக்கெட்டைப் பார்த்து நம்பியதாக ஒரு அக்கா எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது, ஆனால் தூரம் நாலு மடங்கு.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் ஆட்கள். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், சக்கரை வியாதி உண்டு. லண்டனில் இருக்கும் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தது, ஜூலையில் பார்க்கக் கிளம்பினோம். கோலாலம்பூரில் இரவு 11.30, லண்டனில் காலை 6 என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. அப்பா விரல்விட்டு எண்ணிவிட்டு, "ஆறரை மணி நேரந்தானே, ஒரு தூக்கம்" என்றார். வேலை அவசரத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். காலை மாத்திரை முழுக்கப் பெரிய பெட்டியில் போய்விட்டது, அதை நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 8. அந்த 7-ஐயும் கூட்டினால் பதின்மூன்றரை மணி நேரம், தூரம் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். இங்கிருந்து சிப்பாங் விமான நிலையம் போய்ச் சேரவே காரில் நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

அப்பா வழக்கம்போல நாலரைக்கே விழித்துக்கொண்டார். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, எழுந்த பழக்கம், அது போகவே போகாது. ஜன்னல் மூடியை ஒரு விரல் அளவு தூக்கிப் பார்ப்பார், இருட்டு. மூடுவார். கைக்கடிகாரத்தில் ஏழரை ஆகியும் இருட்டு. "என்னப்பா, விடியவே மாட்டேங்குது?" என்று என் கையைப் பிடித்தபோது அந்தக் கை சில்லென்று இருந்தது. மேற்கே பறக்கிறோம், சூரியன் பின்னால் துரத்திக்கொண்டு வருகிறது, அதனால்தான் ராத்திரி நீளுகிறது என்று சொன்னேன். புரியவில்லை. அப்புறம் 1982 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். "ஆமா, பெரட்டு மணி மாறலை, விடியல்தான் தள்ளிப்போச்சு. மரத்துக்கிட்ட போயும் வெட்டுற கோடு தெரியாது" என்றார். அதே மாதிரிதான், இங்கே விடியல் சில மணி நேரம் தள்ளிப்போகிறது என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

பசியை மட்டும் சொல்லவே இல்லை, கூச்சம். நானாகப் போய்க் கேட்டேன், பணிப்பெண் ரொட்டியும் பால் ஊற்றிய தேத்தண்ணியும் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த சாப்பாடு இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் வந்தது. மாத்திரை போட்டது பெட்டி கைக்கு வந்த பிறகு, அப்போது நம்ம ஊரில் மதியம் இரண்டு தாண்டிவிட்டது.

அங்கே இருந்த மூன்று வாரமும் அப்பா கடிகாரத்தை மாற்றவில்லை. திரும்பும் டிக்கெட்டில் இரவு 10, மறுநாள் மாலை 5.50 என்று இருந்தது. தங்கச்சி சொல்வதற்குள் அவரே 7 கழித்து, "பதிமூணு மணிக்குப் பத்து நிமிஷம் கம்மி. வந்ததைவிடக் குறையுதே, ஏன்?" என்று கேட்டார். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாகக் காற்று அடிக்கும், போகும்போது எதிர்காற்று, வரும்போது அதுவே தள்ளிவிடும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, நாலு மாத்திரையைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.