லியோனில் இரண்டு நாள்: அம்மாவுடன் சுற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். அக்டோபரில் அம்மாவை பிரான்சின் லியோன் நகருக்கு அழைத்துப் போகிறேன். இரண்டே நாள். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால்தான் கேட்கிறேன்.

அம்மா முப்பது வருடம் பட்டுத்தறியில் இருந்தவர். துளையிட்ட அட்டைகளை வைத்துப் பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறி பிறந்த ஊர் இது என்றதும் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்! அதனால் நெசவாளர்கள் வாழ்ந்த க்ருவா ரூஸ் மேட்டைக் கட்டாயம் காட்ட வேண்டும். உயரமான தறிகள் நிற்பதற்காகவே அங்கே வீடுகளுக்குக் கூரையை உயர்த்திக் கட்டினார்களாம். மெட்ரோவில் மேலே ஏறிவிட்டு நடந்து இறங்கலாமா? அந்த மேட்டுச் சரிவில் இருக்கும் வொராஸ் முற்றத்துப் படிக்கட்டைத் தவிர்க்க வேறு பாதை உண்டா?

அப்புறம் பழைய லியோனின் த்ராபூல்கள், வீடுகளுக்குள் புகுந்து போகும் நடைவழிகள். சான் ழான் தெரு 54ஆம் எண் கதவில் நுழைந்தால் பஃப் தெரு 27இல் வெளியே வரலாம். குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் பார்க்க எந்த நேரம் நல்லது? உள்ளே தரை கரடுமுரடாக இருக்குமா?

ஃபூர்வியேர் குன்றுக்கு இழுவை ரயில் இருக்கிறது, சரி. ஆனால் பக்கத்து ரோமானிய அரங்கில் அம்மா உட்கார்ந்து பார்க்க மேல் வரிசைக்குப் படி ஏறாமல் போக முடியுமா?

வயதானவர்களோடு போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.